இரண்டு தட்டு, ரைட்

அப்பா கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம் ஒரு துண்டை நனைத்ததுதான். திருவானைக்காவலில் ராஜகோபாலன் சார் வீட்டு வாசல் குழாயில் நனைத்து, பிழியாமல் அப்படியே தலையில் போட்டுக்கொண்டார். காதோரமாகத் தண்ணீர் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. "ஏசி," என்றார் என்னைப் பார்த்து.

அதற்குப் பிறகு அன்று நடந்த எதுவும் சாதாரணமாக இல்லை.

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. பேய் என்றால் ராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நடந்தது பட்டப்பகலில், கத்திரி வெயிலில், தார் இளகிக் கிடந்த சாலையில். எனக்குக் காய்ச்சல் இல்லை. பசி மயக்கம்கூட இல்லை. என் கண்ணும் காதும் நன்றாகத்தான் இருந்தன. நாலு வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

என் பெயர் யமுனா. ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. நாலு குடித்தனம் சேர்ந்த ஸ்டோர். அப்பா சிவசங்கர் டவுன் பஸ் கண்டக்டர். விசில் ஊதினால் நெஞ்சு காய்ந்துவிடும் என்று சொல்லி, பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டியே காலத்தை ஓட்டியவர். இரண்டு தட்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. வீட்டிலும் அப்படித்தான். அம்மா சோறு போடும்போது தரையில் ஒரு தட்டு. போதும் என்று அர்த்தம்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்குக் கிடைத்த காலேஜ் ஊருக்கு அந்தக் கோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பாதான் ஸ்கூட்டர் பேச்சை ஆரம்பித்தார். அம்மாவுக்கு டூவீலர் என்றாலே பயம். ஒரு மாதம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"வண்டி வீடு வந்து சேர்ற அன்னிக்கு அவ மேல ஒரு கீறல் இருந்தாலும் வாசலோட திருப்பி அனுப்பிடுவேன். சொல்லிட்டேன்."

"கொண்டுவந்து வாசல்ல நிறுத்துறது என் பொறுப்பு," என்றார் அப்பா. "என்ன ஆனாலும் சரி."

என்ன ஆனாலும் சரி. அந்த வார்த்தையை அவர் சொன்னதை அம்மாவும் கேட்டாள், நானும் கேட்டேன்.

ராஜகோபாலன் சார் ரிட்டையர்டு வாத்தியார். பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார். அவருடைய ஸ்கூட்டரைத்தான் பேசி முடித்திருந்தோம். வெள்ளை நிறம், ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை. எடுக்க நல்ல நாள் வெள்ளிக்கிழமை என்று அப்பா குறித்து வைத்திருந்தார். திங்கள் ராத்திரி சார் போன் செய்தார். மறுநாளே வீட்டைக் காலி செய்கிறார்களாம், மத்தியானத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. தேய்பிறை அஷ்டமி. மறுநாள் நவமி.

வேறு யாராவது என்றால் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு எடுத்து வந்திருப்பார்கள். அப்பா ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சார் வீட்டு வாசலில் அதை விளக்கவும் செய்தார்.

"இன்ஜின் ஸ்டார்ட் ஆனாத்தான் சார் வண்டி எடுத்ததா கணக்கு. ஆகாத வரைக்கும் அது வெறும் சாமான். தள்ளிக்கிட்டுப் போய் வீட்ல நிறுத்திட்டா, பீரோவை மாத்தி வச்ச மாதிரி. வெள்ளிக்கிழமை பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு, அப்புறமா ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"பீரோவுக்கு அஷ்டமி கிடையாதோ?" என்றார் சார்.

"பீரோ எங்க சார் ஆக்ஸிடென்ட் பண்ணுது?"

சார் சிரித்துவிட்டார். "ஒரு குட்டி யானை வேன் பிடிச்சு ஏத்திண்டு போங்களேன். இந்த வெயில்ல ரெண்டு ரெண்டரை கிலோமீட்டர் தள்ளணுமா?"

"நின்னே பொழப்பு நடத்துனவன் சார். நடக்கிறது எனக்கு ரெஸ்ட்."

ஹேண்டில் லாக்கை எடுத்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். என் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும். என்னை வண்டியில் உட்காரச் சொன்னார். நான் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும், அவர் பின்னால் கம்பியைப் பிடித்துத் தள்ளுவார். ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டார்.

"தள்ற வண்டிக்கு எதுக்குப்பா ஹெல்மெட்?"

"கீறல்," என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஒரே ஒரு விதி சொன்னார். "பின்னாடி மட்டும் திரும்பிப் பார்க்காதே. நீ திரும்பினா உன் கையும் திரும்பும், ஹேண்டிலும் திரும்பும். ரெண்டு பேரும் சாக்கடையில. நான் ரெண்டு தட்டினாப் போ, ஒண்ணு தட்டினா நில்லு. பேச்சு வேணாம், எனக்கு மூச்சு வேணும்."

சீட்டுக்குப் பின்னால் தட் தட் என்று கேட்டது.

"போலாம் ரைட்."

அப்போது மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும்.

முதல் கொஞ்ச தூரம் கல்யாண ஊர்வலம் மாதிரித்தான் இருந்தது. கடைக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜூஸ் கடைக்காரர், "பொண்ணை உட்கார வச்சுத் தள்ற அப்பன் இந்தக் காலத்துல நீங்கதான்," என்றார். பைக்கில் வந்த ஒருத்தர் வேகத்தைக் குறைத்தார். "பெட்ரோல் தீர்ந்துருச்சாண்ணே? கால் போட்டுத் தள்ளட்டுமா?"

"பெட்ரோல் எல்லாம் இருக்கு தம்பி. நாள்தான் சரியில்ல."

அவர் குழம்பிப் போய் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு போனார். நான் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அப்பாவின் ரப்பர் செருப்பு ஒரு சைஸ் பெரியது. நடக்கும்போது குதிகாலில் அடித்துக்கொண்டே வரும். சப்... சப்... சப்... அதுதான் எனக்குக் கணக்கு. அவர் பின்னால் இருக்கிறார், வண்டி போகிறது.

ரயில்வே மேம்பாலம் ஏறத் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் ஒரு தட்டு. நிறுத்தினேன். அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. வெளியே டயரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போலாம்பா," என்றேன் முன்னால் பார்த்தபடியே.

"ஏத்தம் ஒண்ணுதான். ஏறிட்டா இறக்கம்."

தட் தட்.

வண்டி ஏற ஆரம்பித்தது. சப்... சப்... செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக. இன்னும் மெதுவாக. வண்டி ஒரு கணம் நின்றேவிட்டது. லேசாகப் பின்னால் கூட நழுவியது. நான் பிரேக்கைத் தேடினேன்.

அதற்குள் மறுபடியும் தட் தட்.

வண்டி கிளம்பியது.

இங்கிருந்துதான் நான் கவனமாக எழுத வேண்டும்.

முதலில், சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் மட்டும் இல்லை. எல்லாச் சத்தமும். கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி காது அடைத்துக்கொண்டது. எதிரே ஒரு லாரி இறங்கி வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்துவது தெரிந்தது. சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஹெல்மெட்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, வண்டி லேசாகிவிட்டது. அதுவரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு குலுக்கல் இருந்தது. ஆள் நடந்து தள்ளினால் அப்படித்தான் இருக்கும். தள்ளுவார், விடும், தள்ளுவார், விடும். இப்போது அது இல்லை. ஒரே சீராக, கயிறு கட்டி மேலே இழுத்த மாதிரி ஏறியது. அவ்வளவு செங்குத்தான ஏற்றத்தில்.

"அப்பா, செருப்பைக் கழட்டிட்டீங்களா? கால் பொத்துப் போயிடும்."

வண்டி ஏறிக்கொண்டே இருந்தது.

"அந்த பைக்ல வந்தவர்கிட்ட சரின்னு சொல்லியிருக்கலாம்ல?"

தட் தட்.

பேச்சு வேண்டாம் என்று சொன்னாரே என்று சும்மா இருந்துவிட்டேன்.

பாலத்தின் உச்சியில் என் கண் இடது பக்கக் கண்ணாடிக்குப் போனது. அதில் சாலை முழுவதும் தெரிந்தது. ஏறி வந்த வழி, கைப்பிடிச் சுவர், தூரத்தில் திருவானைக்காவல் கோபுரம். அப்பா தெரியவில்லை.

குனிந்து தள்ளுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கம் வந்தது. இனி வண்டி தானாக ஓடும், பிரேக்கைத் தயாராகப் பிடிக்க வேண்டும் என்று விரலை வைத்துக்கொண்டேன். வண்டி ஓடவில்லை. பிரேக்கை நான் தொடவே இல்லை. ஆனாலும் அது அதே நடை வேகத்தில், அடி மேல் அடி வைத்த மாதிரி இறங்கியது. பின்னால் யாரோ கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. சரிவு முழுக்க.

ஒரு மனுஷனால் அந்தப் பாரத்தை அப்படிப் பிடித்துக்கொண்டு வர முடியுமா என்று அப்போது தோன்றியது. தோன்றியதை நான் மேலே யோசிக்கவில்லை.

பாலம் இறங்கி, எங்கள் பக்கம் திரும்பினோம். உச்சி வெயில். கடைகள் பாதி ஷட்டர் இறக்கியிருந்தன. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருத்தர் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கினார்.

"என்ன பாப்பா, பெட்ரோலா... யாரு தள்..."

அவர் முடிக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு நீட்டியிருந்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் முதுகு சில்லிட்டது. அந்த வெயிலில்.

"அப்பா..."

தட் தட்.

இந்த முறை தட்டு வேறு மாதிரி இருந்தது. கையால் தட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும். உள்ளங்கையும் விரலும் சேர்ந்து விழும். இது சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. என் எலும்பில் கேட்டது.

திரும்ப வேண்டும்.

திரும்பக் கூடாது.

கண்ணாடியில் சாலை. காலியாக.

வீதி முனை.

எங்கள் சந்து.

கழுத்தை அசைக்காமல் போனேன். மூச்சை விடாமல். ஸ்டோரின் இரும்பு கேட் திறந்து கிடந்தது. வண்டி தானாக அதற்குள் வளைந்தது. நான் வளைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்...

மாடிப்படிக்குக் கீழே வந்ததும்,

தட்.

ஒரே தட்டு.

நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றினேன்.

"வந்தாச்சுப்பா."

ஒன்றும் இல்லை.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

கேட் வரை போய்ப் பார்த்தேன். எங்கள் சந்து நேரானது. ஒளிய ஒரு மரம் கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெயில் மட்டும் கிடந்தது. திரும்பி வந்து வண்டியைப் பார்த்தேன். பின்பக்கக் கம்பியில் இரண்டு இடத்தில் ஈரம். நாலு விரலும் ஒரு கட்டை விரலும் பிடித்த ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. சுண்டு விரல், மோதிர விரல்... கடைசியாக உள்ளங்கை.

கதவு திறந்து அம்மா வந்தாள். கையில் மாவு. முதலில் என் முழங்கையைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். கீறல் இல்லை. முகம் இளகியது.

"அப்பா எங்கடி?"

அப்போதுதான் உள்ளே போன் அடித்தது. அம்மா மிக்ஸி போட்டிருந்தாளாம். ஏற்கனவே ஏழெட்டு முறை அடித்து ஓய்ந்திருந்தது. எல்லாம் அப்பா நம்பரிலிருந்து. இந்தத் தடவை எடுத்தாள். பேசியது வேறு குரல்.

பஞ்சர் கடைக்காரர் பெயர் நஸ்ருல்லா. அவர்தான் அப்பாவைத் தூக்கி நிழலில் போட்டவர், 108-க்குச் சொன்னவர், அப்பா போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டவர், ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தவர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"ஏத்தத்துல நாலு எட்டு வச்சாரு தங்கச்சி. அப்படியே முட்டி மடங்கிருச்சு. நான் ஓடி வந்து தூக்குறதுக்குள்ள கண்ணு நின்னுபோச்சு. உன்னைக் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நீ பாட்டுக்கு ஏறிப் போயிக்கிட்டே இருந்தே."

"நான் ஏறலண்ணே. அப்பா தள்ளினாரு."

அவர் என்னைப் பார்த்தார். "அப்பா என் மடியில இருந்தாரும்மா. நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டே போலன்னு நினைச்சேன்."

அப்பாவைப் பற்றி டாக்டரும் அதையேதான் சொன்னார். விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாம். அம்மாவின் போனில் முதல் அழைப்பு வந்த நேரம் ஒன்று ஐந்து. நான் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை.

அப்பாவின் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாட்ச், பர்ஸ், காய்ந்துபோன துண்டு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஸ்கூட்டர் சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. பொத்தான் போட்டபடி.

அதிர்ச்சியில் மூளை ஏதேதோ செய்யும் என்றாள் ஒரு தோழி. நீயே காலால் உந்தி உந்தி வந்திருப்பாய், ஞாபகம் இல்லை என்றாள். இருக்கலாம். அந்த ஏற்றத்தில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பார்க்கச் சொல்லுங்கள் யாரையாவது. ஆனாலும் அதை நம்ப முயற்சி செய்தேன். பல நாள் கிட்டத்தட்ட நம்பியும் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அடுத்த போர்ஷன் சத்யபாமா மாமி ஊரிலிருந்து வந்தார். மைசூரில் மகள் பிரசவத்துக்காகப் போயிருந்தவர். போனில் சேதி கேள்விப்பட்டிருக்கிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏண்டி யமுனா, வண்டியைக் கொண்டுவந்து விட்டுட்டு மறுபடியும் எதுக்குடி பாலத்துக்குப் போனார்? அந்த வெயில்ல?"

"அவர் வரவே இல்ல மாமி."

"வரலையாவது. நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பி ஆட்டோவுக்குக் காத்துண்டிருந்தேன். கேட்டைச் சாத்திண்டு வாசல்ல நிக்கறேன், உங்க அப்பா வந்தார். வேர்த்து விறுவிறுத்து... 'கேட்டைத் திறந்து வைங்க மாமி, பொண்ணு வண்டியில வருது, நிறுத்தி இறங்கத் தெரியாது'ன்னார். திறந்து விட்டேன். ஏன் சிவசங்கர், கால்ல செருப்புகூட இல்லாம இப்படி வந்து நிக்கறேள்னு கேட்டேன். திரும்பி விறுவிறுன்னு போயிட்டார். அதுக்குள்ள ஆட்டோ வந்துடுத்து."

அம்மா கேட்டாள், "மணி என்ன இருக்கும் மாமி?"

"ரயிலுக்கு நேரமாச்சேன்னு கடிகாரத்தையே பார்த்துண்டிருந்தேனே. ஒண்ணு பத்து."

ஒன்று பத்துக்கு நான் பாலத்தின் மேல் இருந்தேன். பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது யாரோ, அவரும் என்னோடு பாலத்தின் மேல்தான் இருந்தார். அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

சாவு விழுந்த வருஷம் பூஜை கூடாது என்றார்கள். வருஷம் திரும்பிய பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விற்றுவிடலாம் என்று மாமா ஒரு தடவை சொன்னார். "அவர் கொண்டுவந்து நிறுத்தினது, நிக்கட்டும்," என்றாள் அம்மா. நான் இரண்டு பஸ் மாறித்தான் காலேஜ் போய் முடித்தேன். இப்போது வேலைக்கும் அப்படித்தான்.

வண்டி மாடிப்படிக்குக் கீழே, நான் காலூன்றிய அதே இடத்தில் நிற்கிறது. ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்ததில்லை. பேட்டரி செத்துவிட்டது. சீட் வெடித்துவிட்டது. பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டது. நிற்கிற வண்டியில் இரண்டு மாதத்தில் காற்று இறங்கிவிடும் என்பார்கள். முன் டயர் அப்படித்தான், அந்த ஆடி முடிவதற்குள் தரையோடு ஒட்டிப்போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டும்போது பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். நாலு வருஷமாக யாரும் காற்றடிக்கவில்லை. கல் மாதிரி இருக்கிறது.